“எனக்குத் தமிழ் அவ்வளவா வராது, அக்கா”

ஒரு சனிக்கிழமை காலை, ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் விவாதப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு: ‘ரொக்கமில்லாச் சமூகம் நமக்கு நன்மையே’. எதிரணியின் மூன்று பேச்சாளர்களும் முதியோரின் சிரமத்தைப் பற்றி ஏறக்குறைய ஒரே வாக்கியங்களைச் சொன்னார்கள். ஒருவர் தடுமாறியபோது, முன்வரிசையில் இருந்த ஆசிரியரின் உதடுகள் அடுத்த வரியை முணுமுணுத்தன.

தேநீர் இடைவேளையில், நேரக்காப்பாளராக மணியடித்த உயர்நிலை 2 மாணவி என்னிடம் வந்தாள்.

“அக்கா, எங்க தாத்தா ஹாக்கர் சென்டர்ல கோப்பி வாங்குறப்ப சில்லறைய மெதுவா எண்ணிக் குடுப்பாரு. எண்ணத் தெரியாம இல்ல. அந்த நேரத்துலதான் கடை அங்கிள் அவர்கிட்ட ரெண்டு வார்த்த பேசுவாரு. போன்ல ஸ்கேன் பண்ணிட்டா யாரும் பேச வேணாம்ல?”

அன்று காலை முழுக்க நான் கேட்ட ஆகச் சிறந்த வாதம் அதுதான். “ஏம்மா நீ மேடையில பேசல?” என்றேன்.

“எனக்குத் தமிழ் அவ்வளவா வராது, அக்கா.”

இவ்வளவையும் அவள் தமிழில்தான் சொன்னாள்.

வராது என்று அவள் நினைத்தது மேடைத் தமிழை. ‘அவையோரே, நடுவர் பெருமக்களே’ என்று தொடங்கும் தமிழ் அவள் வீட்டில் இல்லை. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? 2005இல் வந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு முக்கிய இடம் தரச் சொன்னது. வகுப்பில் பேசு என்கிறோம். விவாத மேடையில் ஏறியதும் எழுத்துத்தமிழைக் கேட்கிறோம். அதனால் ஆசிரியர் எழுதித் தருகிறார், பிள்ளை மனப்பாடம் செய்கிறது. எதிரணி எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்டால் அத்தனையும் சரிந்துவிடுகிறது.

2010இல் வீட்டில் தமிழை அதிகம் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 3.3 விழுக்காடு. 2020 கணக்கெடுப்பில் அது 2.5 விழுக்காடு. இந்த நிலையில், ‘நல்ல தமிழ்’ பேசும் நான்கு பேரை மட்டும் ஆண்டுதோறும் மேடையேற்றிவிட்டு மற்றவர்களைக் கைதட்ட உட்கார வைக்கிறோம்.

சில பள்ளிகளில் நான்கு பேர் கிடைப்பதே அரிது. பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாமல் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்கும் பிள்ளைகள் எந்தப் பள்ளியின் அணியில் பேசுவார்கள்? வெவ்வேறு பள்ளி மாணவர்கள் சேர்ந்து ஓர் அணி அமைக்க எல்லாப் போட்டிகளும் இடம் தரலாமே.

இன்னொரு மாணவனையும் சொல்லவேண்டும். திக்கிப் பேசுவான். நான்கு நிமிடப் பேச்சில் அவன் சொல்ல வந்ததில் பாதிதான் வெளியே வந்தது. மணி அடித்துவிட்டது. தேசியத் தேர்வுகளில் இப்படிப்பட்ட மாணவர்களுக்குக் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். விவாத மணி மட்டும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வானொலியில் மூன்று விநாடி மௌனம் பெரிய பாவம். ஆனாலும் நேயர் ஒருவர் சொல் கிடைக்காமல் நின்றால் நாங்கள் காத்திருப்போம்.

1988இல் தொடங்கிய உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியில் கருத்துக்கு 40, பேசும் பாணிக்கு 40, உத்திக்கு 20 மதிப்பெண். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவோ அயல்மொழியாகவோ பேசும் அணிகளுக்கெனத் தனி விருதுகளும் உண்டு. இங்கும் அப்படிச் செய்யலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு உடன்பாடில்லை. ‘தமிழ் சரளமாக வராதோர் பிரிவு’ என்று அட்டை மாட்டினால் எந்தப் பிள்ளை வரும்? அதைவிட மதிப்பெண் தாளைத் திருத்தலாம். உச்சரிப்புக்கும் மொழிநடைக்கும் தருவதைக் கொஞ்சம் குறைத்து, எதிரணியின் பேச்சைக் கேட்டுப் பதில் சொல்வதற்குக் கூட்டலாம். அதை மனப்பாடம் செய்ய முடியாது.

அந்தப் பள்ளியிலேயே ஆறு வாரம் பயிற்சி நடத்தினேன். எழுதிப் படிக்கக் கூடாது. கையளவு அட்டையில் குறிப்புகள் மட்டும். முதல் சுற்றில் உட்கார்ந்தபடியே வீட்டில் பேசுவதுபோல் பேசலாம். மணியடிப்பவர் உட்பட எல்லாரும் முறைவைத்துப் பேசியே ஆகவேண்டும். திக்கிப் பேசும் மாணவனுக்கு இரண்டு நிமிடம் கூடுதல்.

எல்லாம் நன்றாக நடந்துவிடவில்லை. முதல் இரண்டு வாரம் ஆங்கிலம் வெள்ளமாகப் புகுந்தது. தமிழ் வினைச்சொற்கள் மட்டும் வாக்கியக் கடைசியில் கரையொதுங்கின. ஒரு மாணவன் நான்காம் வாரம்வரை வாயே திறக்கவில்லை. தமிழாசிரியரும் கவலைப்பட்டார்: “மத்த பள்ளிக்கூடமெல்லாம் செந்தமிழ்ல பேசுறப்ப நம்ம பிள்ளைங்க தோத்துடுவாங்களேம்மா.” அவர் சொன்னது சரிதான். ஒரு பள்ளி மட்டும் மாறினால் அந்தப் பள்ளிதான் தோற்கும். போட்டி நடத்துபவர்கள் முதலில் விதியை மாற்றவேண்டும்.

ஆறாம் வாரம் பள்ளிக்குள்ளேயே ஒரு போட்டி வைத்தோம், அதே ரொக்கமில்லாத் தலைப்பில். மணியடித்த அந்தப் பெண் எதிரணியில் இரண்டாவதாகப் பேசினாள். கோப்பிக்கடைக்கு வந்து சேரவே அவளுக்கு மூன்று நிமிடம் ஆகிவிட்டது. மணி அடித்தது. அவள் நிறுத்தவில்லை. மறுபடி அடித்தது.

“இருங்க சார்,” என்றாள், “தாத்தா இன்னும் சில்லறை எண்ணி முடிக்கல.”