சிறுநீர் நன்றாகப் போகிறது. சிறுநீரகமும் நன்றாக இருக்கிறதா?

“சிறுநீர் தாராளமாகப் போகிறது. வலி இல்லை, கால் வீக்கமும் இல்லை. அப்புறம் எதற்குச் சிறுநீரகப் பரிசோதனை?” மூத்தோர் பலர் இப்படிக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சிறுநீரின் அளவை மட்டும் வைத்துச் சிறுநீரகத்தின் நிலையை அறிய முடியாது. ஏன் என்பது, சிறுநீர் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் புரியும்.

முதலில் எல்லாவற்றையும் இறக்கிவைக்கும்

வடிகட்டி என்றதும் நமக்குத் தேநீர் வடிகட்டி நினைவுக்கு வரும். அது சக்கையை மேலே நிறுத்திவிட்டு, வேண்டியதைக் கீழே விடும். சிறுநீரகம் வேலை செய்யும் விதம் வேறு. தீபாவளிக்கு முன் அலமாரியைச் சுத்தம் செய்வதைப் போன்றது அது. சாமான்களை எல்லாம் கீழே இறக்கிவைத்து, வேண்டியவற்றை மட்டும் திரும்ப அடுக்கி, மீதியை வெளியே போட்டுவிடுகிறோம் அல்லவா?

நம் சிறுநீரகங்கள் முதுகெலும்பின் இரு பக்கமும், கீழ் விலா எலும்புகளை ஒட்டி அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ கைமுட்டி அளவுதான். அதற்குள் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நெஃப்ரான் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வடிகட்டி. அதன் ஒரு முனையில் மிக மெல்லிய இரத்தக் குழாய்கள் நூல் பந்துபோல் சுருண்டிருக்கும். அந்தப் பந்தைச் சுற்றி ஒரு கிண்ணமும், கிண்ணத்திலிருந்து புறப்படும் நீண்ட, வளைந்த குழாயும் இருக்கும்.

நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் அதிகமான இரத்தம் சிறுநீரகங்களுக்குள் பாய்கிறது. பந்துக்குள் இருக்கும் அழுத்தத்தால் நீர், உப்பு, சர்க்கரை, யூரியா போன்ற கழிவுகள் எல்லாம் சேர்ந்து கிண்ணத்துக்குள் இறங்குகின்றன. இரத்த அணுக்களும் அல்புமின் போன்ற புரதங்களும் அளவில் பெரியவை என்பதால் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. இப்படி ஒரு நாளில் இறங்கும் நீர் சுமார் 180 லிட்டர். உடலில் உள்ள இரத்தமோ ஏறக்குறைய 5 லிட்டர்தான். அதாவது, அதே நீர் நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வடிகட்டப்படுகிறது.

பிறகு குழாயின் வேலை தொடங்குகிறது. முதல் பகுதியிலேயே நீரிலும் உப்பிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்துக்குத் திரும்பிவிடும். சர்க்கரை அநேகமாக முழுவதும் திரும்பிவிடும். எஞ்சிய நீரின் பெரும்பகுதியை அடுத்தடுத்த பகுதிகள் மீட்கின்றன. கடைசியில் ஒன்றிரண்டு லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது.

இது வீண்வேலையாகத் தோன்றலாம். ஆனால் இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு கழிவையும் அடையாளம் கண்டு தனியே பிரிக்க வேண்டியதில்லை. குழாய் திரும்ப எடுக்காதது எதுவோ, அது தானாகவே வெளியே போய்விடும்.

அதிகமாகப் போவதும் அறிகுறியாகலாம்

இரத்தத்தில் சர்க்கரை சுமார் 10 மில்லிமோல் அளவைத் தாண்டினால், குழாயால் அதை முழுவதும் மீட்க முடிவதில்லை. மிஞ்சும் சர்க்கரை தன்னுடன் நீரையும் இழுத்துச் செல்லும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் போவதும், தாகம் எடுப்பதும் இதனால்தான். ஆகவே, நிறையப் போகிறது என்பது எப்போதும் நல்ல செய்தி அல்ல.

வயதாகும்போது நீரை மிச்சப்படுத்தும் திறனும் குறைகிறது. இரவில் எழுந்து கழிவறைக்குச் செல்ல நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். தாக உணர்வும் மங்குவதால், வெயில் நாளில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். இதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ மருத்துவர் தண்ணீரின் அளவைக் குறைத்திருந்தால், அந்த அளவையே பின்பற்றுங்கள்.

பாதிப்பு ஏன் வெளியே தெரிவதில்லை?

சிங்கப்பூரில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணம் நீரிழிவு. உயர் இரத்த அழுத்தமும் ஒரு முக்கியக் காரணம். இவை பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால், அந்த நூல் பந்தின் சுவர் தடித்துச் சேதமடைகிறது. இரத்தத்தில் தங்க வேண்டிய அல்புமின் கசியத் தொடங்குகிறது. போகப்போக அந்த நெஃப்ரான் தழும்பாகி மூடிக்கொள்கிறது. அதற்குப் பதில் புதிய நெஃப்ரான் முளைப்பதில்லை. எஞ்சியவை அதன் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. அதனால் நமக்கு எந்த மாற்றமும் தெரிவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வடிகட்டும் திறன் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டாலும், நாளொன்றுக்கு 36 லிட்டர் நீர் இறங்கும். அதில் ஒன்றரை லிட்டரைச் சிறுநீராக வெளியேற்றுவது கடினமே அல்ல. குழாய் சற்றுக் குறைவாக மீட்டால் போதும். சிறுநீர் வழக்கம்போல் போகும். ஆனால் கழிவுகள் இரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். களைப்பு, அரிப்பு, பசியின்மை, கால் வீக்கம் எல்லாம் பெரும்பாலும் மிகத் தாமதமாகவே வருகின்றன.

இரண்டு எளிய பரிசோதனைகள்

சிறுநீர்ப் பரிசோதனை அல்புமின் கசிகிறதா என்று காட்டும். இரத்தப் பரிசோதனை கிரியேட்டினின் என்னும் தசைக் கழிவின் அளவைப் பார்த்து, வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட உதவும். அந்த எண் மூன்று மாதங்களுக்கு மேல் 60க்குக் கீழே இருந்தால், அது நாட்பட்ட சிறுநீரக நோயாகக் கருதப்படும். ஒருமுறை குறைந்து வந்தால் கலங்க வேண்டாம், மறுபடியும் பார்ப்பார்கள். நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், இவ்விரண்டையும் ஆண்டுதோறும் செய்துகொள்வது பற்றிப் பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ கேளுங்கள். கசிவைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பாதிப்பின் வேகத்தைக் குறைக்க முடியும். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில, பந்துக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தணித்து அதைப் பாதுகாக்கின்றன. அழுத்தம் சரியாகிவிட்டது என்று நீங்களாக அவற்றை நிறுத்திவிடாதீர்கள்.

முட்டிவலி மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் போன்றவை பந்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயைச் சுருக்கக்கூடியவை. மூத்தோர் இவற்றைத் தாமாக வாங்கி நாள்கணக்கில் சாப்பிடுவது ஆபத்து. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத பொடிகளும் உருண்டைகளும் அப்படியே. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது, வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், ஊரிலிருந்து வாங்கி வந்த நாட்டு மருந்துகள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள்.