த்வாண்டே பானையின் சிவப்பு எந்தச் சிவப்பு?

ரங்கூன் ஆற்றைக் கடந்து டலா வழியாகத் த்வாண்டேக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த ஊர்ப் பானைகளின் நிறம் மறக்காது. சூளையிலிருந்து எடுத்த பூந்தொட்டி செங்கல் சிவப்பு. மெருகு ஏற்றிய சால் கறுப்புக் கலந்த பழுப்பு. அங்கேயே தங்கிவிட்ட உறவினர் அந்தத் தொட்டியைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புகிறார். நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் அது ஆரஞ்சாகத் தெரிகிறது. பிள்ளையின் லேப்டாப்பில் மங்கிய காவியாகத் தெரிகிறது.

பானைக்கு இது போனால் போகட்டும். 1964-இல் கடைகள் தேசியமயமான பின் கப்பலேறியவர்கள் முதல், பிற்பாடு ஊரை விட்டவர்கள் வரை, பல குடும்பங்களுக்குத் தாத்தா பாட்டியின் முகம் என்று இருப்பது பெட்டியில் கொண்டுவந்த ஒரே ஒரு படம்தான். புதிய வீட்டில் முதலில் சுவரேற வேண்டியது அது. அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கும்போது நிறம் பிசகினால், பிசகுவது முகம்.

படக் கோப்பில் நிறம் கிடையாது, எண்கள்தான் உண்டு. பெரும்பாலான படங்களில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், 0 முதல் 255 வரை. சிவப்பு 200 என்றால் எவ்வளவு சிவப்பு? பர்மாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். த்வாண்டே சந்தையில் ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ. சென்னைப் பட்டணத்துப் பழைய வீசை சுமார் 1.4 கிலோ. வெறுமனே "ஐந்து வீசை" என்று எழுதி அனுப்பினால், வாங்குகிறவர் தம் ஊர் வீசையில்தான் நிறுப்பார். எந்த ஊர் வீசை என்று கோப்போடு கூடவே சொல்லும் சீட்டுக்குப் பெயர் புரொஃபைல்.

1993-இல் தோன்றிய ஐ.சி.சி. என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பு இந்தச் சீட்டின் வடிவத்தை வகுத்தது. 1996-இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்.ஆர்.ஜி.பி.தான் இன்றும் பொது வீசை. அடோபி ஆர்.ஜி.பி.யும், 2016 முதல் ஆப்பிள் கைப்பேசிகள் படம் எடுக்கும் டிஸ்ப்ளே பி3-யும் அதைவிடப் பெரிய வீசைகள். பெரிய வீசையில் நிறுத்ததைச் சிறிய வீசையாகப் படித்தால் சரக்குக் குறையும் அல்லவா? படம் சோகை பிடித்தாற்போல் தெரிவது அதனால்தான். சீட்டை மதிக்கும் மென்பொருளில் அதே படத்தைத் திறந்தால் தொட்டி மறுபடி சிவக்கும்.

மானிட்டருக்கும் ஒரு சீட்டு வேண்டும். அதற்கு முன் திரையை நிலைப்படுத்த வேண்டும். அரை மணி நேரம் ஓடவிடுங்கள். இரவு நேர மஞ்சள் வெளிச்சத்தையும், கடையில் கண்ணைப் பறிப்பதற்காக வைத்த 'விவிட்' போன்ற அமைப்புகளையும் நிறுத்துங்கள். நிற வெப்பநிலை 6500, காமா 2.2 என்று வையுங்கள். விண்டோஸ் 7 முதல் இருக்கும் 'கேலிப்ரேட் டிஸ்ப்ளே கலர்' வசதி படிப்படியாக வழி சொல்லும். கண்ணால் பார்த்துச் செய்வது இது. திரையில் வைத்து அளக்கும் கருவிக்கு ஈடாகாது. ஆனால் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு கருவி வாங்கினால் போதும், தினமும் தேவைப்படும் பொருளல்ல.

எல்லாவற்றையும்விட வெளிச்சம் முக்கியம். ஒரு வெள்ளைத்தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையின் வெள்ளை டியூப்லைட் போல எரிந்தால் குறையுங்கள். பிரிண்டில் முகம் கறுத்துவிட்டது என்று கடைக்காரரோடு நடக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம் என்பது எங்கள் எண்ணம்.

இனி பழைய படம். கறுப்பு வெள்ளையானாலும் கலரில் ஸ்கேன் செய்து, கை வைக்காத ஒரு பிரதியைத் தனியே பத்திரப்படுத்துங்கள். ஊரிலிருந்து தபாலில் வந்த 1970களின் கலர் பிரிண்டுகள் பல, ஆல்பத்துக்குள் இருந்தபடியே சிவப்பேறியிருக்கும். நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால் வரும் கோளாறு அது. 'ஆட்டோ' பொத்தானை அழுத்திவிட வேண்டாம். படத்தில் நரைமுடியோ வெள்ளை வேட்டியோ இருந்தால் அதன் சாயலை முதலில் போக்குங்கள். முகம் பெரும்பாலும் பின்னாலேயே வந்துவிடும்.

கன்னத்தில் பூசிய தனக்காவைப் படத்தின் கறை என்று நினைத்து அழித்துவிடுகிறவர்கள் உண்டு. கறுத்த முகத்தை வெளுத்துத் தருவதையே சேவையாக நினைக்கும் ஸ்டூடியோக்களும் உண்டு. இந்தக் கோணல் பழையது. கோடாக் நிறுவனம் பல்லாண்டுகள் கலர் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோலுக்குச் சரியாக வந்தால் எல்லோருக்கும் சரி என்று கணக்கு. 1990களில்தான் பல நிறத்தாரையும் சேர்த்த அட்டை வந்தது. ஆகவே, வெளுக்க வேண்டாம் என்று கடையில் வாய்விட்டே சொல்லுங்கள்.

கோப்பை எஸ்.ஆர்.ஜி.பி.யில், சீட்டோடு சேர்த்துக் கொடுங்கள். கடை தானாக நிறம் திருத்தும் வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். பெரிய அளவுக்கு முன் முகம் மட்டும் வரும்படி 4×6-இல் ஒரு பிரிண்ட் எடுத்து, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். பாட்டியை நேரில் கண்டவர் குடும்பத்தில் ஒருவர் இருந்தால் அவரிடம் காட்டுங்கள். "இன்னும் கொஞ்சம் கறுப்பு" என்று அவர் சொன்னால், ஒரு படி நகர்த்தி இன்னொரு சிறிய பிரிண்ட் எடுங்கள்.