மொழித்தேர்வு எதைத் தேர்கிறது?

வெளிநாட்டு வேலை விசாவுக்கு மொழித்தேர்வு எதற்கு என்றால், ‘பாஷை தெரியாம அங்க போயி எப்படி வேலை செய்வாங்க?’ என்பதுதான் உடனடிப் பதில். நியாயம்தான். மருந்தளவைத் தப்பாகப் புரிந்துகொள்ளும் நர்ஸிடம் யார் உடம்பைக் கொடுப்பார்கள்? ஆனால் இத்தேர்வின் வரலாறு வேறொன்றையும் சொல்கிறது.

சேர்வராயன் கோயில் இருக்கும் ஏற்காடு மலையையே எடுத்துக்கொள்வோம். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி பின்னால் எஸ்டேட்டுகளாகப் பெருகியது. பழம் பறிக்க வந்தவர்களிடம் யாரும் இங்கிலீஷ் கேட்கவில்லை. துரைக்கும் கூலிக்கும் நடுவே மேஸ்திரி போதும். கீழே சேலம் ஜில்லாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு, கரும்புத்தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களுக்கும் இதே கதை.

1897இல் நேட்டால் ஒரு சட்டம் போட்டது. உள்ளே வருகிறவர் ஏதாவதொரு ஐரோப்பிய மொழியில் மனு எழுதிக் கையெழுத்திட வேண்டும். இனத்தின் பெயரைச் சொல்லாமலே இந்திய வியாபாரிகளைத் தடுக்கும் ஏற்பாடு இது. ஒப்பந்தக் கூலிகளுக்கோ விலக்கு! வெறும் உழைப்பாக வருகிறவருக்கு மொழி வேண்டாம். கடை வைத்து, ஓட்டுக் கேட்டு, சமமாக நிற்கக்கூடியவருக்குத்தான் வேண்டும்.

ஆஸ்திரேலியா 1901இல் இந்த உத்தியைப் பின்பற்றி, ஐம்பது சொற்களைச் சொல்லக்கேட்டு எழுதும் தேர்வை வைத்தது. எந்த மொழி என்பதை அதிகாரியே தீர்மானிப்பார். பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்த எழுத்தாளர் எகோன் கிஷ் 1934இல் வந்தபோது ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் எழுதச் சொன்னார்கள். தோற்க வைப்பதற்கென்றே வைத்த தேர்வு! நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; ஆனால் அந்தத் தேர்வு ஒழிய 1958 ஆயிற்று.

இன்றைய தேர்வுகள் அப்படிப்பட்டவை அல்ல. பாடத்திட்டம் உண்டு, மதிப்பெண் உண்டு. இருந்தும் விலக்குகளைக் கவனியுங்கள். பிரிட்டன் தன் திறன் தொழிலாளர் விசாவுக்குக் கேட்கும் ஆங்கிலத் தரத்தை 2026 ஜனவரியில் பி1இலிருந்து பி2க்கு உயர்த்தியது. அமெரிக்க, ஆஸ்திரேலியக் குடிமக்களுக்குத் தேர்வே இல்லை. பட்டப்படிப்பை முழுக்க இங்கிலீஷில் முடித்த இந்தியர் அதற்குத் தனிச்சான்று வாங்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வு எழுத வேண்டும். வளைகுடாவுக்குக் கட்டிட வேலைக்குப் போகிறவரிடமோ அரபி தெரியுமா என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை. அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் அவருக்கு இல்லை.

ஏற்காட்டில் 1894இலும் 1917இலும் தொடங்கிய கான்வென்ட்டும் மாண்ட்போர்ட் பள்ளியும் இருக்கின்றன. மே மாதம் சேர்வராயனுக்குத் திருவிழா எடுக்கும், தமிழ் பேசும் ‘மலையாளி’ப் பழங்குடிகளின் ஊர்களும் அதே மலையில்தான். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் சேர்த்துத்தான் பி2 அளக்கிறது.

ஆகவே ஒரு மொழித்தேர்வைப் புரிந்துகொள்ள வினாத்தாளை மட்டும் பார்த்தால் போதாது. யார் எழுத வேண்டாம் என்ற பட்டியலை முதலில் படிக்க வேண்டும்.