பாஸ்வேர்டு போர்டிலேயே இருக்கிறது!

காதர்பேட்டையில் ஒரு பனியன் கடையை ராத்திரி மூடுகிற வைபவத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஷட்டரை தடதடவென்று இறக்குவார்கள். இடது பக்கம் ஒரு பூட்டு, வலது பக்கம் ஒரு பூட்டு, நடுவில் ஒரு சென்டர் லாக். முதலாளி பூட்டியதைப் பையன் இழுத்துப் பார்ப்பான். பையன் இழுத்ததை முதலாளி மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். அப்புறம்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும்.

உள்ளே கல்லாவுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், நாலு பச்சை விளக்கோடு ஒரு பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். வைஃபை ரவுட்டர். அதற்கு என்ன பூட்டு? கடை போர்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறதே, அந்த செல் நம்பர்தான்!

சிரிக்காதீர்கள் சார். உங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு என்ன? செல் நம்பரா? பிறந்த தேதியா? இல்லை, கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன் ஏணியிலிருந்து இறங்கும்போது, "ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் போட்டிருக்கேன் சார், ஈஸியா இருக்கும்" என்றானே, அதேவா? ஆமாம் சார், ரொம்ப ஈஸி. உங்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்!

"எடுத்துட்டுப் போக என்னங்க இருக்குது?"

திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற பேட்டை இது. எக்ஸ்போர்ட் மிச்சம், உள்நாட்டுச் சரக்கு, டீ ஷர்ட், ஜட்டி, பனியன் எல்லாம் பண்டல் பண்டலாக வெளிமாநிலம் வரைக்கும் போகிறது. ஆர்டர் வருவது வாட்ஸ்அப்பில். பணம் வருவது யு.பி.ஐ.யில். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், லாரி புக்கிங், சிசிடிவி கேமரா, மாடியில் வீடு இருந்தால் பசங்களின் கேம்... அத்தனையும் அந்த ஒரே பெட்டி வழியாகத்தான்.

இந்த விஷயத்தைத் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் பிரஸ்தாபித்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"ஏனுங்க தம்பி, வைஃபைக்குள்ள பூந்தா என்னத்தங்க எடுத்துட்டுப் போவான்? பண்டலையா தூக்கிட்டுப் போவான்? ரண்டு படம் பாப்பான், பாத்துட்டுப் போறான் உடுங்க!"

கொங்கு நாட்டுத் தாராளம்! ஆனால் சங்கதி ரெண்டு படத்தோடு முடிவதில்லை. 2008-ல் நடந்ததைக் கேளுங்கள்.

அந்த வருஷம் ஜூலை 26-ந் தேதி ஆமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால் டி.வி. நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் இ-மெயில் வந்தது. அது எந்த இன்டர்நெட் இணைப்பிலிருந்து வந்தது என்று போலீஸ் தேடிக்கொண்டு போனால், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த ஃபிளாட்டில் போய் நின்றது. மனிதருக்கு ஒன்றுமே தெரியாது. கம்ப்யூட்டரைப் பறிமுதல் செய்தார்கள், விசாரணை மேல் விசாரணை. கடைசியில் தெரிந்தது: அவர் வீட்டு வைஃபை பூட்டப்படாமல் இருந்திருக்கிறது. வெளி ஆசாமி யாரோ அதைப் பிடித்து மெயிலைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

அதோடு நிற்கவில்லை. ஆகஸ்டில் மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபை. செப்டம்பர் 13-ந் தேதி டெல்லி குண்டுவெடிப்பின்போது செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபை. ஒவ்வொரு தடவையும் போலீஸ் முதலில் கதவைத் தட்டியது இணைப்பு யார் பேரில் இருந்ததோ அவர்களைத்தான். 2009 ஜனவரியில் மும்பை போலீஸ்காரர்கள் பூட்டாத வைஃபையைத் தேடித் தெருத்தெருவாகக் கிளம்பினார்கள். பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறையும் இன்டர்நெட் நிறுவனங்களுக்கு வைஃபை பாதுகாப்பு பற்றி உத்தரவு போட்டது.

ஆக, "என்னத்த எடுத்துட்டுப் போவான்?" என்பது தப்பான கேள்வி. உங்கள் பேரில் என்னத்தைச் செய்துவிட்டுப் போவான் என்பதுதான் கேள்வி.

ஒரு மணி ஆறு நிமிஷம்

"அதான் பாஸ்வேர்டு போட்டிருக்கோமுல்ல?" என்பீர்கள். செல் நம்பரைத்தானே? ஒரு கணக்குப் போடலாம், வாருங்கள். நான் பி.காம்.தான், எனக்கே விளங்குகிற கணக்கு இது.

நம் ஊர் செல் நம்பருக்குப் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 - நாலில் ஒன்று. மீதி ஒன்பதும் எதுவாகவும் இருக்கலாம். மொத்தம் 400 கோடி நம்பர்கள். அம்மாடியோவ் என்று தோன்றுகிறதா? விஷயம் தெரிந்த ஒருவன் உங்கள் வீட்டு வாசலில் நின்று, ரவுட்டர் காற்றில் விடுகிற சில சமிக்ஞைகளைப் பதிவு செய்துகொண்டு போனால் போதும். மீதி வேலையை அவன் வீட்டில் சாவகாசமாகச் செய்யலாம். வீடியோ கேமுக்காகப் பசங்க வாங்குகிற நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, விநாடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கும். 400 கோடிக்கு 4,000 விநாடி. அதாவது ஒரு மணி ஆறு நிமிஷம் நாற்பது விநாடி. கோவையில் பஸ் ஏறியவர் திருப்பூர் வந்து இறங்குகிற நேரம்!

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2021-ல் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரத்தில் ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் இப்படித்தான் தெருவைச் சுற்றி வந்து 5,000 வைஃபைகளின் சமிக்ஞைகளைச் சேகரித்தார். வீட்டுக்கு வந்து உடைத்துப் பார்த்தால் நூற்றுக்கு எழுபது திறந்துகொண்டன! முக்கியமான காரணம் என்ன தெரியுமா? அந்த ஊர்க்காரர்களும் செல் நம்பரைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள். காதர்பேட்டையில் அவருக்கு அந்தச் சிரமமும் வேண்டாம். அண்ணாந்து போர்டைப் பார்த்தால் முடிந்தது.

அதே சமயம், சம்பந்தாசம்பந்தமில்லாத 12 ஆங்கில எழுத்துக்களைப் பாஸ்வேர்டாக வைத்தால் அதே கார்டுக்குச் சுமார் 3,000 வருஷம் பிடிக்கும். திருடனுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

இன்னொரு சாவி இருக்கிறது!

பலருக்குத் தெரியாத ரகசியம் இது. ரவுட்டருக்கு ஒன்றல்ல, இரண்டு பாஸ்வேர்டு. ஒன்று, நீங்கள் போனில் போடுகிற வைஃபை பாஸ்வேர்டு. அது வாசல் கேட். இன்னொன்று, ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழைகிற பாஸ்வேர்டு. அது பீரோ சாவி. முக்கால்வாசி வீடுகளில் இந்த இரண்டாவது சாவியை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஃபாக்டரியில் வைத்தபடி 'அட்மின், அட்மின்' என்றே இருக்கும்.

பீரோ சாவி போனால் என்ன ஆகும்? வெளியூர் வியாபாரி திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கி "காதர்பேட்டை எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார். வழி சொல்கிற ஆள் அவரை வேறு சந்துக்கு அனுப்பி, அங்கே அதே பேரில் போலிக் கடை போட்டு உட்கார்ந்திருந்தால்? ரவுட்டருக்குள்ளும் இப்படி வழி சொல்கிற சமாச்சாரம் ஒன்று உண்டு. நீங்கள் பேங்கின் பேரை அடித்தால் எந்த முகவரிக்குப் போகவேண்டும் என்று அது விசாரித்துச் சொல்லும். டி.என்.எஸ். என்று பேர். உள்ளே புகுந்தவன் அதை மாற்றிவிட்டால் பேங்க் பேரை அடித்தாலும் போலிப் பக்கம் வந்து நிற்கும். பிரேசிலில் 2011-ல் சுமார் 45 லட்சம் மோடம்களில் இந்தக் கைவரிசையைக் காட்டினார்கள். ஆகவே 'இந்தப் பக்கம் பாதுகாப்பானதல்ல' என்று போனோ கம்ப்யூட்டரோ எச்சரித்தால் அவசரத்தில் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். அது சும்மா சொல்வதில்லை.

நம் நாட்டுக் கதையும் இருக்கிறது. 2017 ஜூலையில் கர்நாடகத்தில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஒரு வைரஸ் தாக்குதலில் படுத்துக்கொண்டன. மாட்டியவை, ஃபாக்டரி பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்தவை. "தயவுசெய்து மாற்றுங்கள்" என்று நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

கேமரா வைத்திருப்பவர்கள் இதையும் கேளுங்கள். 2016 அக்டோபர் 21-ந் தேதி அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் திணறின. திணறடித்த படை எது? உலகம் பூராவும் வீடுகளிலும் கடைகளிலும் இருந்த சிசிடிவி கேமராக்கள், அவற்றின் ரெக்கார்டர்கள், ரவுட்டர்கள்! 'மிராய்' என்கிற புரோகிராம் சுமார் 60 ஃபாக்டரி பாஸ்வேர்டுகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, திறந்ததையெல்லாம் அடியாளாக்கிக்கொண்டது. திருடனைப் பிடிக்க மாட்டிய கேமரா, திருடனுக்கே வேலை செய்தது. இந்த மிராயை எழுதியவர்கள் பெரிய கொள்ளைக் கூட்டமில்லை, மூன்று அமெரிக்க இளைஞர்கள். 2017-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

இருபது நிமிஷ வேலை

பயமுறுத்தியது போதும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் இருபது நிமிஷம் ஒதுக்குங்கள்.

1. ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஸ்டிக்கர் இருக்கும். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்கிற மாதிரி ஒரு முகவரியும் யூசர் நேமும் பாஸ்வேர்டும் போட்டிருக்கும். அதே வைஃபையில் இருந்துகொண்டு அந்த முகவரியை பிரவுசரில் அடியுங்கள். உள்ளே போனதும் முதல் காரியம், பீரோ சாவியை மாற்றுவது. மாற்ற விடாமல் பூட்டி வைத்திருந்தால் கனெக்‌ஷன் கொடுத்தவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

2. வைஃபைக்குப் பேர் வைக்கும்போது கடைப் பேர், வீட்டு நம்பர் எல்லாம் வேண்டாம். எந்த அலை எந்த வீட்டுடையது என்று வெளியாளுக்கு ஏன் விலாசம் கொடுக்கவேண்டும்?

3. 'செக்யூரிட்டி' என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ. 3 இருந்தால் அதைப் போடுங்கள். நான் மேலே சொன்ன, வீட்டில் உட்கார்ந்து உடைக்கிற வித்தை அதனிடம் பலிக்காது. உங்கள் பழைய போன் அதோடு சேர மறுத்தால் டபிள்யூ.பி.ஏ. 2. 'டபிள்யூ.இ.பி.' என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். அது 2001-லேயே உடைந்துபோன பூட்டு.

4. பாஸ்வேர்டுக்கு, ஒன்றுக்கொன்று உறவில்லாத நாலைந்து தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். முருங்கைக்காய், காஜா பட்டன், மழை, தாத்தா என்கிற மாதிரி. (இதையே வைத்துவிடாதீர்கள். இந்தப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரரும் வாங்குகிறார்.)

5. 'டபிள்யூ.பி.எஸ்.' என்று ஒரு வசதி இருக்கும். எட்டு இலக்க நம்பரைப் போட்டு இணைவது. அந்த எட்டையும் இரண்டு பாதியாகத்தான் சரிபார்க்கிறது, அதனால் அதிகபட்சம் 11,000 தடவை முயன்றால் திறந்துவிடும் என்று 2011-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அணைத்துவிடுங்கள். 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று இருந்தால் அதையும்.

6. 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒன்று உண்டு. விருந்தாளிக்குத் திண்ணை மாதிரி. "அண்ணா, வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்ணா, சரக்கு போட்டோ அனுப்பணும்" என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு முகத்தை முறிக்கவேண்டாம். திண்ணையைக் கொடுங்கள். கேமராவையும் டி.வி.யையும் முடிந்தால் திண்ணையிலேயே கட்டிப் போடுங்கள். பில்லிங் கம்ப்யூட்டரும் பேங்க் போனும் மட்டும் உள்ளே இருக்கட்டும்.

7. 'ஃபர்ம்வேர் அப்டேட்' என்று வந்தால் செய்யுங்கள். கம்பெனிக்காரர்கள் தங்கள் பூட்டில் இருக்கும் ஓட்டையை அடைத்து அனுப்புவது அது. கேமரா ரெக்கார்டரின் ஃபாக்டரி பாஸ்வேர்டையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

8. மாதத்துக்கு ஒருமுறை, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். வீட்டில் நாலு போன் இருக்க, பட்டியலில் ஒன்பது இருந்தால் எதிர்த்த மெஸ் பையன்கள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மற்ற ஒன்றிரண்டு யார் என்பதுதான் கவலை.

ஒரு கொசுறு: பெட்டியை இரும்பு பீரோ மேலேயோ, இரும்பு ரேக்குக்குப் பின்னாலோ, மீன் தொட்டிக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். இரும்பும் தண்ணீரும் அலைக்குப் பரம விரோதி. வீட்டுக்கு நடுவில், கொஞ்சம் உயரத்தில், திறந்த இடத்தில் இருக்கட்டும். தெருவோர ஜன்னலில் வைத்தால் உங்கள் படுக்கையறையைவிட டீக்கடையில் நன்றாக எடுக்கும்.

எழுதி வைக்கலாமா?

"இவ்வளவு நீளப் பாஸ்வேர்டு எப்படி சார் ஞாபகம் இருக்கும்?" என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக ஒரு தாளில் எழுதி, வீட்டுக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 'மிராய்' மாதிரி ஆசாமிகள் வெளிநாட்டிலிருந்து வந்து உங்கள் பால் கணக்கைப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. ரவுட்டர் மேலேயே ஒட்டி வைப்பதும், கல்லாவுக்குப் பின்னால் சுவரில் எழுதுவதும்தான் கூடாது. கடைக்கு வருகிறவன் ஒரு செல்ஃபி எடுத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

அப்படியும் எங்கேயாவது பணம் கைமாறிவிட்டால் மானம் மரியாதை என்று யோசிக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சைபர் மோசடிக்கென்றே இருக்கிற எண் அது. சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த அக்கவுண்டுக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நாலு நாள் கழித்துச் சொன்னால் அனுதாபம்தான் கிடைக்கும்.

இன்டர்நெட் பில் யார் பேரில் வருகிறது என்று இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். உங்கள் பேர்தானே? அப்படியானால் இருபது நிமிஷமும் உங்களுடையதுதான்.