சுருதி பிறழ்ந்த இசைத்தட்டு

பன்முறை கேட்ட இசைத்தட்டை மீண்டும் கேட்டலாற் பயன் யாது? அமெரிக்க ஜாஸ் எக்காள வித்துவானாகிய மைல்ஸ் டேவிஸ், ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ என்னும் இசைத்தட்டை 1959-ஆம் ஆண்டு நியூயார்க்கில், முன்னர்த் தேவாலயமாயிருந்த கட்டடமொன்றிற் பதிவு செய்தார். மார்ச்சு 2-ஆம் நாள் பதிவு இயந்திரம் சற்றே மந்தமாக ஓடிற்று. அவ்வாறு பதிந்த நாடாவை உரிய வேகத்தில் இயக்கின் சுருதி உயர்தல் இயல்பன்றோ? ஆதலின் முதற்பக்கத்து மூன்று உருப்படிகளும் உயர்ந்த சுருதியிலேயே உலகெங்கும் பரவின. உடன் ஓடிய மற்றோர் இயந்திரத்தின் நாடா பிழையற்றிருந்தமையால், அதனைக்கொண்டு 1990-களிற் குறை களையப்பட்டது.

திருத்திய பதிப்பைக் கேட்ட நமக்கு முதலிற் பிறந்தது உவகையன்று, ஐயமே. பழகிய பிழையே செவிக்கு இனித்தது. பலகால் கேட்டபின்னரே கலைஞர் வாசித்த ஒலி இதுவெனத் தெளிந்தோம். பழக்கம் வேறு, உண்மை வேறு. விரும்பியதை மீளக் கேட்டலின் பயன் இவ்வேறுபாட்டை அறிதலேயாம்.