வலசை போகும் கொன்றுண்ணிப் பறவைகளின் கணக்கெடுப்பு

வலசைக் கணக்கெடுப்பு என்பது, பருவம் மாறும்போது இடம்பெயரும் பருந்து, கழுகு, வல்லூறு, பூனைப்பருந்து போன்ற கொன்றுண்ணிப் பறவைகளைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்று எண்ணிப் பதிவு செய்வதாகும். இப்பறவைகள் பரந்த நிலப்பரப்பில் சிதறி வாழ்வதால், கூடு கட்டும் இடங்களுக்குச் சென்று எண்ணுவது கடினம். வலசைக் காலத்தில் அவை சில வழிகளில் திரள்வதால் எண்ணுவது எளிதாகிறது.

ஒரே வழியில் திரள்வது ஏன்?

அகன்ற சிறகுடைய பறவைகள் நெடுந்தூரம் சிறகடித்துப் பறப்பதில்லை. வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பின் சிறகை விரித்தபடியே சறுக்கிச் செல்கின்றன. மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றும் அவற்றுக்கு உதவும். கடலின் மேல் இத்தகைய காற்று குறைவு. எனவே மலைத்தொடர், கணவாய், கடலோரம் ஆகியவற்றை ஒட்டி அவை செல்கின்றன. கருங்கடல் ஓரமுள்ள பாத்தூமியில் (ஜார்ஜியா) ஓர் இலையுதிர் காலத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் எண்ணப்படுகின்றன.

எண்ணும் முறை

1. நாற்புறமும் வானம் தெரியும் ஓரிடத்தைத் தேர்ந்து, ஒவ்வோர் ஆண்டும் அங்கேயே எண்ண வேண்டும்.
2. வட்டமிடும் கூட்டத்தை எண்ணினால் ஒரே பறவை இருமுறை கணக்கில் வரலாம். கூட்டம் கலைந்து வரிசையாகச் சறுக்கிச் செல்லும்போது எண்ண வேண்டும்.
3. எண்ணிக்கையை மணிக்கொரு முறை, காற்று, மேகம், மழை ஆகியவற்றுடன் எழுத வேண்டும்.
4. இனம் தெரியாத பறவையை "இனம் அறியப்படாதது" என்றே குறிக்க வேண்டும். பறவையே வராத மணிக்குப் பூச்சியம் இட வேண்டும்.

சென்ற ஆண்டு 10 மணி நேரமும் இவ்வாண்டு 50 மணி நேரமும் எண்ணிவிட்டு, பறவைகள் பெருகிவிட்டன என்று சொல்ல முடியாது. எண்ணிய நேரம் தெரியாத எண்ணிக்கையால் பயனில்லை.

கணக்கின் பயன்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஆக் மவுண்டனில் வலசைப் பருந்துகளை விளையாட்டாகச் சுட்டுக் கொன்றனர். 1934-இல் ரோசலி எட்ஜ் அம்மலைப் பகுதியைக் குத்தகைக்கு எடுத்து வேட்டையைத் தடுத்தார். காவலராக வந்த மாரிஸ் புரூன் பறவைகளை எண்ணத் தொடங்கினார். அங்கு இளம் வெண்தலைக் கழுகுகள் குறைந்துவந்ததை, டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகளின் தீங்கை விளக்கிய தம் 1962-ஆம் ஆண்டு நூலில் ரேச்சல் கார்சன் சான்றாக எடுத்துக்காட்டினார்.

இந்தியாவில் பாறுக் கழுகுகளின் வீழ்ச்சி வெளிப்பட்டதும் இவ்வாறே. அவை வலசைப் பறவைகள் அல்ல. ஆயினும், பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1980-களில் எடுத்த கணக்கு இருந்ததால்தான் 1990-களின் சரிவை உறுதியாகக் கூற முடிந்தது. பின்னர் டைக்ளோபினாக் மருந்தே காரணம் எனக் கண்டறியப்பட்டு, கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது 2006-இல் தடை செய்யப்பட்டது.

கன்னியாகுமரி மாவட்டத்தில்

மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இம்மாவட்டத்தில் கணவாய், குளம், கடற்கரை மூன்றும் அருகருகே உள்ளன. 2022-இல் ராம்சர் தகுதி பெற்ற சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் நீர்நிலைகளும் இங்குள்ளன. மழைக்காலத்தை ஒட்டித் தமிழகம் வரும் சேற்றுப் பூனைப்பருந்து, குளங்கள் மீதும் வயல்கள் மீதும் சிறகுகளை மேல்நோக்கிப் பிடித்தபடி தாழப் பறக்கும். மீன் பிடிக்கும் விராலடிப்பான் காயல்களை நாடும்.

வனத்துறையின் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு பெரும்பாலும் சனவரியில் நடைபெறுகிறது. அது குளிர்காலத்தில் தங்கியுள்ள பறவைகளைக் காட்டும். ஐப்பசியில் கடந்து போனவற்றைக் காட்டாது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை நம்பி முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாலைச் சிறகில் மோதி இறக்கும் ஆபத்து கொன்றுண்ணிகளுக்கு உலகெங்கும் உண்டு. எவை, எந்த மாதத்தில், எத்தனை கடக்கின்றன என்ற பதிவு இருந்தால்தான் அந்த ஆபத்தை இங்கு அளவிட முடியும்.

மாணவர்கள் ஒரு குளக்கரையைத் தேர்ந்து, புரட்டாசி முதல் கார்த்திகை வரை வாரம் ஒருமுறை, அதே நேரத்தில் ஒரு மணி நேரம் எண்ணலாம். குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்து அடுத்த ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டாம் ஆண்டில்தான் தொடங்கும்.