தன்னைத்தானே காட்டிக்கொண்ட படங்கள்

செல்பேசியில் ஒரு படத்தைத் தொட்டால் உடனே திறக்கிறது. திறந்து காட்டுவது பின்னால் இருக்கும் ஒரு புரோகிராம். அதை நாம் கவனிப்பதே இல்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் அப்படி எதுவும் கணினியோடு சேர்ந்து வராது. 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் ஜிஃப் வடிவத்தைக் கொண்டுவந்த பிறகு படங்கள் பிளாப்பிகளில் கைமாறத் தொடங்கின. ஆனால் வாங்கியவரிடம் கம்ப்யூஷோ, விபிக் போன்ற ஒரு புரோகிராம் இல்லையென்றால் அந்தக் கோப்பால் பயனில்லை.

அதற்குக் கண்டுபிடித்த வழிதான் படத்தை நேரடியாக ஓடக்கூடிய இஎக்ஸ்இ அல்லது காம் கோப்பாக மாற்றித் தரும் சிறு கருவிகள். படமும், அதைக் காட்டும் புரோகிராமும் ஒரே கோப்பில். கட்டுச்சோற்றோடு கிளம்பும் பயணியைப் போல, போகிற இடத்தில் அது யாரையும் எதிர்பார்க்காது. பெயரைத் தட்டி என்டரை அழுத்தினால் திரை முழுக்கப் படம். ஏதாவது ஒரு விசையைத் தொட்டால் பழைய கறுப்புத் திரை.

நான் அசெம்பிளி மொழி கற்றுக்கொண்டதே இத்தகைய கோப்புகளை டாஸோடு வரும் டிபக் புரோகிராமில் பிரித்துப் பார்த்துத்தான். உள்ளே இருந்த கணக்கின் அழகு இன்னும் எனக்குத் தீரவில்லை. விஜிஏ திரையின் புகழ்பெற்ற முறை ஒன்றில் அகலம் 320 புள்ளி, உயரம் 200, நிறம் 256. புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 64,000 பைட். அந்த 256 நிறங்களும் எவை என்று சொல்லும் பட்டியலுக்கு, நிறத்துக்கு மூன்று பைட் வீதம் 768. காம் கோப்போ 65,536 பைட் கொண்ட ஒரே பகுதிக்குள் அடங்க வேண்டும். அதிலும் முதல் 256 பைட்டை டாஸ் எடுத்துக்கொள்ளும். கழித்துப் பாருங்கள், மிச்சம் 512 பைட்! படத்தைக் கொஞ்சமும் சுருக்காமலே, திரை முறையை மாற்றி, நிறப்பட்டியலை ஏற்றி, புள்ளிகளைத் திரை நினைவகத்துக்கு நகர்த்தி, விசைக்குக் காத்திருக்கும் மொத்த வேலையையும் அதற்குள் முடிக்க வேண்டும். முடியும். 286 செயலியின் கட்டளைகளைக் கொண்டு 50 பைட்டுக்குள்ளேயே எழுதிவிடலாம்.

எழுத்துகளை மட்டும் காட்டும் திரைக்கு இன்னும் எளிது. 80 பத்தி, 25 வரி, எழுத்துக்கும் அதன் நிறத்துக்கும் ஒவ்வொரு பைட், மொத்தம் 4,000தான். தீட்ரா என்ற வரைகருவி, எழுத்துகளால் வரைந்த ஓவியத்தை நேரே காம் கோப்பாகவே சேமித்துக் கொடுத்தது. இடம் போதாதவர்களுக்கு 1989-இல் ஃபாப்ரிஸ் பெல்லார் எழுதிய எல்இசட்இஎக்ஸ்இ இருந்தது. இஎக்ஸ்இ கோப்பைச் சுருக்கி வைத்து, ஓட்டும்போது தானாகவே விரியச் செய்யும் கருவி அது. அதை எழுதியபோது அவர் பள்ளி வயதுப் பையன் என்பதை என் மாணவர்களிடம் தவறாமல் சொல்வேன்.

இந்த முறையில் ஆபத்தும் உண்டு. படம் பார்ப்பதாக நினைத்து நாம் ஒரு புரோகிராமை ஓட்டுகிறோம். காம் கோப்புகளில் ஒட்டிப் பரவிய காஸ்கேட் போன்ற வைரஸ்களுக்கு இது திறந்த வாசல். ஜிஃப் கோப்பில் அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் பரவி, படம் காட்டும் வசதி எல்லாரிடமும் வந்த பிறகு இக்கருவிகளுக்கு வேலையும் இல்லாமல் போயிற்று.

இன்றைய 64-பிட் விண்டோஸ் இவற்றை ஓட்ட மறுக்கும். அதனால் பழுதான கோப்பு என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். பழைய பிளாப்பிகள் வீட்டில் கிடந்தால், அவை படிக்க முடியாமல் போவதற்குள் நகல் எடுங்கள். டாஸைப் போலவே நடந்துகொள்ளும், இலவசமாகக் கிடைக்கும் டாஸ்பாக்ஸில் ஓட்டிப் பாருங்கள்.